கடலைக்காரன் வீட்டில் கடலை

எனக்கு வாய் நீளம். கிராம நர்சாக இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது, யாரையும் அதட்டாமல் ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை. அந்த வாயால் ஒரு மனுஷனை நாலு வருஷம் தவிக்க விட்டிருக்கிறேன் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

புருஷோத்தமன் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியில் வேர்க்கடலை வறுத்து விற்பவன். மணலில் கடலையைப் புரட்டிக்கொண்டே கரண்டியால் சட்டியைத் தட்டுவான். பெருநகர் ஊருக்குப் போகிற பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டவர்கள்கூட அந்தச் சத்தத்துக்கு இறங்கிவந்து ஒரு பொட்டலம் வாங்குவார்கள்.

அவன் மகள் இளமதி இரண்டு வயதில் கூடையிலிருந்து ஒரு வேர்க்கடலைப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. நீலம் பாரித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முதலில் என் சுகாதார நிலையத்துக்குத்தான் ஓடிவந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்தார்கள். பிழைத்தாள். திரும்பி வந்தவனை நான் சும்மா விட்டேனா?

"உனக்கெல்லாம் எதுக்குயா புள்ள? இனிமே உன் வூட்ல கடலைன்ற பேச்சே இருக்கக் கூடாது!"

அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். சட்னியில்கூடக் கடலை கிடையாது. தினமும் வாசலிலேயே சட்டைப்பையைத் திருப்பி உதறிவிட்டு, குளித்த பிறகுதான் மகளைத் தூக்குவான்.

போன மாதம் ஏழு மாத மகனைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க வந்தான். பிள்ளை கஞ்சி, பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடுகிறான். உடம்பில் கரப்பான், சொறி எதுவும் இல்லை. கடலையும் கூழாக்கிக் கொடு என்றேன். அவன் முகம் வெளுத்துப்போனது.

"நீங்கதானே நர்சம்மா கூடாதுன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது.

"ஐயோ, நான் முழுக் கடலையைச் சொன்னேன்யா. முழுசோ ஒடச்சதோ, அஞ்சு வயசு வரைக்கும் ஆகவே ஆகாது. மைய அரைச்சுக் கரைச்சது வேற. இப்பவே கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கினா, பின்னால ஒடம்பு ஒத்துக்காமப் போறது கொறையும். அன்னிக்குக் கோவத்துல வெவரமாச் சொல்லல. எம்மேலதான் தப்பு."

"பயமா கீது நர்சம்மா. என் கையால எப்படிக் குடுப்பேன்?"

"சளி, காய்ச்சல் இல்லாத நாளாப் பாரு. காலைல நானே வரேன்."

வியாழக்கிழமை போனேன். வறுத்து, தோலை ஊதி, மிக்சியில் அரைத்து வைத்திருந்தான். விரலில் தேய்த்துப் பார்க்கிறான், மனசு ஒப்பவில்லை, மறுபடி அரைக்கிறான். நாலாவது தடவை அவன் மனைவி கனகா சிரித்துவிட்டாள்.

"பேஜார் பண்ணாதய்யா, எண்ணெய் மாதிரி கீது!" என்றேன்.

வெந்நீரில் தளரக் கரைத்து, பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி நுனியில் தொட்டு நீட்டினான். பிள்ளை நக்கிப் பார்த்துவிட்டுக் கரண்டியையே பிடித்து இழுத்தான். பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் கொஞ்சம் கொடுக்கச் சொன்னேன். உதடு வீங்குகிறதா, தடிப்பு வருகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று இரண்டு மணி நேரம் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் கொடு என்று சொல்லிவிட்டுக் கிளம்ப எழுந்தேன்.

"நைனா, எனக்கு?"

கதவோரம் இளமதி நின்றிருந்தாள். ஊரே வாங்கித் தின்கிற கடலையை, அவளுக்கு நினைவு தெரிந்து அவள் தின்றதே இல்லை. புருஷோத்தமன் என்னைப் பார்த்தான்.

"ஆறு வயசாச்சு, குடுய்யா. ஓடாம, பேசாம, உக்காந்து மென்னு தின்னணும். இன்னாடி?"

சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அரைக்காமல் தோலோடு மிச்சமிருந்த கடலையில் ஒரே ஒரு பருப்பைத் தேடி எடுத்து, தோல் உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் மென்று முடிக்கும்வரை அவன் மூச்சே விடவில்லை.

"இதத்தான் தெனம் விக்கிறியா நைனா?"

"ஆமாம்மா."

"நல்லா கீது."

அவன் இன்னொன்றை எடுத்துத் தோல் உரிக்கப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதால் உரிக்க வரவில்லை. நான் வாங்கி உரித்துக் கொடுத்தேன்.