மூன்றாவது விதி

எங்கள் காவல் நாய்க்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அதனால் ஒருத்தியின் கை முடமாயிற்று, வேலையும் போயிற்று. உங்களிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ‘பாவம், சின்னப் பெண்’ என்று நீங்கள் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்!

நான் திருச்சியில் நர்ஸ் பயிற்சி முடித்தவள். எதையும் வரிசையாக எழுதி வைப்பேன். யுத்த காலத்து அரிசித் தட்டுப்பாட்டில், மண்ணச்சநல்லூரில் அப்பாவின் ரைஸ் மில்லில் மூட்டைகள் களவு போயின. காவலுக்கு ராஜபாளையம் குட்டியைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஆழ்ந்த மார்பு, நேரான கால்... எல்லாம் பார்த்தேன். பின்னால் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்கவில்லை! முழு வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மில்லில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இஞ்சின் ஓடும்போது அங்கே எல்லோரும் கைச்சாடையில்தான் பேசுவார்கள். வெள்ளையன் என்று நாங்கள் பெயர் வைத்த அவனும் சாடைக்கு ஓடி வந்தான். அந்நியர் வாடை பட்டால் உறுமினான்.

“எம் பொண்ணு பாத்து எடுத்த நாய்ங்க!” வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையடித்தார்.

இஞ்சின் ஓடாத ஓர் அமாவாசையன்று, தூங்குகிற அவன் தலைமாட்டில் இரும்புச் சட்டி விழுந்தது. காது மடல்கூட அசையவில்லை. அன்றே சொல்லியிருக்கலாம்... அப்பாவின் பெருமை எனக்கு அவ்வளவு இனித்தது!

மில் சுவரில் என் கையெழுத்தில் நாய் வளர்ப்பு விதிகள் தொங்கின. இருவேளைச் சோறு. வாரம் ஒருமுறை உண்ணி பார்ப்பது. மூன்றாவது: ‘பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே கிட்டே போக வேண்டும்.’ அதையும் அப்படியே விட்டுவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மதியம் இஞ்சினை நிறுத்திய நேரத்தில், அரிசி புடைக்கும் அஞ்சலை அவனுக்குச் சோறு கொண்டுபோனாள். தூங்கியவனின் முதுகைத் தொட்டாள். துள்ளித் திரும்பிக் கையைக் கவ்விவிட்டான்.

“நீ சீண்டியிருப்பே! சும்மா இருக்கிற நாய் கடிக்குமா?” அப்பா கத்தினார்.

“இல்லீங்க முதலாளி... சின்னம்மா சொல்லிக்குடுத்த மாதிரி மூணு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தாங்க போனேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் காயத்தைக் கழுவி, அயோடின் வைத்து, கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். நேர்த்தியான கட்டு! வாய்தான் திறக்கவில்லை.

“பொய் வேறயா? நாளைலேருந்து வராதே, போ!”

அவள் போனபின் மூன்றாவது வரியை அடித்துவிட்டு, ‘எதிரே வந்து கைகாட்டிய பிறகே’ என்று எழுதினேன்.

“ஏம்மா மாத்துறே?”

“இது இன்னும் நல்லதுப்பா.”

அதன்பின் வெள்ளையன் மில் ஆட்களில் ஒருவரையும் கடிக்கவில்லை. அத்தனை சரியான விதி... ஒரு மனுஷியைத் துரத்திய பிறகு!

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் அஞ்சலையைப் பார்த்தேன். பூக்கூடையை இடக்கையில் பிடித்திருந்தாள். வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

“நல்லாருக்கீங்களா சின்னம்மா? வெள்ளையன்... இப்பவாச்சும் கூப்பிட்டா திரும்புதுங்களா?”

அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை நாளாகவோ...

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

“திரும்புது” என்றேன்.