மைத்துனர் மேடைக்கு வந்துவிட்டார்

யுத்த நிதிக்காக அன்னவாசலில் நாங்கள் போட்ட நாடகத்தில் எனக்கு, ஓர் உடம்பில் இரண்டு ஆளாக வாழ்பவனின் வேடம். என் மைத்துனரும் அப்படித்தான். சில நாள் தன்னை வேறு பெயரில் சொல்லிக்கொள்வார். அப்போது எங்களையே அவருக்கு அடையாளம் தெரியாது.

ஒத்திகையில் நான் கண்ணை உருட்டிக் கத்தியதைப் பார்த்த என் மனைவி, "எங்கண்ணன் என்னைக்குங்க இப்புடிக் கத்துச்சு? மாறுறப்ப பாவம், ஒண்ணும் புரியாம முழிச்சுக்கிட்டுல்ல நிக்கும்" என்றாள்.

நாடகத்தன்று மேடையில் அவள் சொன்னபடியே திகைத்து நின்று நடித்தேன். திடீரென்று மைத்துனர் கூட்டத்திலிருந்து எழுந்து மேடையேறி வந்தார். அவர் மனம் புண்பட்டுவிட்டதோ என்று பயந்தேன். அவரோ என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க மாப்ள, எனக்கும் இப்புடித்தான் ஆகும். செத்த உக்காருங்க, சரியாயிரும்" என்றார். வசனத்தை மறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது எந்த வேடம் கிடைத்தாலும் முதலில் மைத்துனருக்குத்தான் நடித்துக் காட்டுகிறேன்.