பட்டறை மேசையில் கிறிஸ்துமஸ் விருந்து

தாராவியில் தோல் பை தைத்தே மாடி வீடு கட்டியவன் நான். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புதுச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். புது மேசை வாங்கிக் காசைக் கரைப்பேனா? தோல் வெட்டும் மேசையைத் துடைத்து, மனைவியின் பட்டுப்புடவையை விரித்து, கண்ணாடித் தம்ளர்களில் மெழுகுவத்தி வைத்தேன். நட்சத்திர ஹோட்டல் தோற்றது!

தீக்குச்சியை எடுத்ததும் சம்பந்தியம்மா கத்தினார்: "அண்ணாச்சி, பத்த வைக்காதிய! சொல்யூஷன் வாடை இந்த அடி அடிக்கு, ஒங்களுக்குத் தெரியலையா?"

புடவையைத் தூக்கிப் பார்த்தால், மேசையின் அடித்தட்டில் தோல் ஒட்டும் பசை டப்பா திறந்து கிடந்தது. தீப்பொறி பட்டிருந்தால் வீடே போயிருக்கும். அந்த வாடையிலேயே வாழும் எங்கள் மூக்குக்கு அது எட்டவில்லை.

"எங்க எல்லாரையும் காப்பாத்திட்டிய, தாயி" என்று கும்பிட்டேன்.

"கும்பிட்டது போதும், கறிய வைங்க!" என்று சிரித்தார்.

இப்போதும் மேசை அலங்காரம் என் கைவண்ணம்தான். ஆனால் சம்பந்தியம்மா வந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகே தீப்பெட்டியைத் தொடுகிறேன்.