இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கும் லயம்

நான் மலைக்குப் போனது ஊர் பார்க்க இல்லை. என் மகன் கவினுக்கு ஆறு வயது, ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. உடம்பில் சேர்ந்த ஈயத்தையும் பாதரசத்தையும் ஊசி மருந்து ஏற்றி வெளியே எடுத்தால் பேசிவிடுவான் என்று திம்புள்ளப் பக்கம் ஒரு பங்களாவில் அந்த ஊசி போடுகிறவர்கள் போனில் சொன்னார்கள். பெற்ற மனசு, நம்பிவிட்டேன். போன மாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

கொழும்பில் காலை ஐந்தரைக்குப் பஸ். கினிகத்தேனையில் ஒரு பிளேன்டீ, பத்தரைக்கு ஹட்டன். அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 2,000 ரூபாய். கவின் வழி முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டே வந்தான்.

டிரைவர் செல்வம், போகிற வழியில் தன் வீட்டில் அரிசிப் பையை இறக்கிவிடலாமா என்று கேட்டார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கும் சரிவில் சட்டென்று இன்ஜினை அணைத்தார். நான் கவினை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, பிரேக் இருக்குதா?"

"பயப்படாதீங்கக்கா. எம்மகளும் ஒங்க மகன் மாதிரிதான், சத்தம் ஆகாது. இங்க வர்ற எல்லா ஆட்டோவும் இப்படித்தான் எறங்கும்."

கவின் காதிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செல்வத்தின் மனைவி ராணி தேத்தண்ணி கொடுத்தார். ஒன்பது வயது நிலா வாசலில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறோம் என்று சொன்னதும் செல்வத்துக்கு முகமே மாறிவிட்டது.

"வேணாங்கக்கா. தேயில மலையில மருந்து அடிச்ச ஆளு நான். அந்த வெசந்தான் புள்ளைக்கு ஏறிருச்சுன்னு நானா நெனச்சு, இதே ஊசியப் போட்டேன். ரெண்டாவது ஊசியில வலிப்பு வந்துருச்சு. ரத்தத்துல கல்சியம் கொறஞ்சு உசுரு போகப் பாத்துச்சுன்னு ஆஸ்பத்திரி டாக்டர் திட்டுனாரு. ஆட்டிசத்துக்கு இது மருந்தே இல்லையாம்."

"அதோட புள்ளைய மாத்துறத விட்டுட்டோம்," என்றார் ராணி. "சத்தத்தக் கொறச்சோம். லயத்துச் சனம் ஒருத்தரும் ஏன்னு கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பங்களாவில் இரண்டு மணிக்கு வாங்கியிருந்த நேரத்தை அங்கிருந்தே போன் பண்ணி ரத்துச் செய்தேன்.

திரும்பும்போதுதான் அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இன்ஜினை மேட்டுக்கு ஏறிய பிறகுதான் போடலாம். அதுவரைக்கும் ஆட்டோவைத் தள்ள வேண்டும். யாரும் கூப்பிடாமலே நாலு பேர் வந்து கைவைத்தார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: குளிராடை எடுத்துக்கொள்ளுங்கள், ஹட்டனிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் என்று சந்தேகம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதியுங்கள். பங்களா ஊசிக்கு மட்டும் போகாதீர்கள். அந்தச் சரிவில் இன்ஜின் நின்றால் பயப்படாதீர்கள். திரும்பும்போது இறங்கி, நீங்களும் ஒரு கை தள்ளுங்கள். கவினும் தள்ளினான்.