மழைமணியோடு கண்டிக்கு

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் புசல்லாவைக் கடைவீதியில் பஸ் ஏறினோம். கண்டிக்கு இருபத்து நான்கு மைல். ஆளுக்கு அறுபது சதம். அந்த வாரம் கண்டி ஏரிக்கு அருகே ஒரு மண்டபத்தில் விஞ்ஞானமும் கலையும் கலந்த பொருட்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. வீட்டில் செய்த கருவிகளை யாரும் கொண்டுவந்து வைக்கலாம், சனிக்கிழமை பரிசு உண்டு என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு அதைப் பார்க்க ஆசை. என் மனைவி ரோசம்மாளுக்கோ அதில் கலந்துகொள்ள ஆசை.

ரோசம்மாள் தோட்டத்து ஆட்களுக்குத் துணி தைப்பவள். தையல் மெஷின் ஓடும்போது வெளியே தூறுவது அவள் காதில் விழாது. வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி ஈரமாகிவிடும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பலகை, அதில் நட்ட மூங்கில் சிம்பு, சிம்பின் நுனியில் ஓர் ஆட்டுமணி. சிம்பை வளைத்து, நூலால் ஒரு சீனிக்கட்டியோடு கட்டிவைப்பாள். மழைத்துளி பட்டுச் சீனி கரைந்ததும் நூல் விடுபடும், மூங்கில் விருட்டென்று நிமிரும், மணி கிணுகிணுக்கும். "வாத்தியாரம்மா மழைக்கு மணியடிக்கிறாங்களாம்" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஆபீசில் சொல்லிச் சிரித்தது அவள் காதுக்கு வந்தது. அன்றே கண்டிப் பயணம் முடிவாகிவிட்டது.

கம்பளையைத் தாண்டியதும் தூறல் பிடித்தது. பலகையைச் சாக்கில் சுற்றிப் பஸ் கூரைமேல் கட்டியிருந்தோம். சற்று நேரத்தில் சாக்கு நனைந்து, தலைக்குமேல் மணி அடித்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார்.

"யாரு இறங்குறது?"

யாரும் எழவில்லை. பஸ் நகர்ந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் மறுபடி மணி. மறுபடி பஸ் நின்றது. மூன்றாம் முறை டிரைவர் கண்டக்டரைப் பார்த்து முறைத்தபோது ரோசம்மாள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, அவரை ஏசாதீங்க. மேல என்னோட மழைமணி அடிக்குது. மழை வந்தா சொல்லும்."

"மழை வந்தது எனக்குத் தெரியாதா தங்கச்சி? கண்ணாடியில தண்ணி வழியுதே!"

பஸ் முழுவதும் சிரித்தது. கண்டக்டர் கூரையில் ஏறி மணியின் வாயில் துணியை அடைத்துவிட்டு வந்தார். ரோசம்மாள் முகம் சிவந்து உட்கார்ந்தாள். பேராதனைப் பாலம் வந்த பிறகுதான் என் காதருகே குனிந்தாள். "ஆனா வேலை செய்யுதுங்க, பாத்தீங்களா?"

பகல் பதினொன்றுக்கு மண்டபத்தில் எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. மற்றவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பத்துச் சதம். பொருள் வைப்பவர்களுக்கு இலவசம். மணியில் அடைத்த துணியை எடுத்து, புதுச் சீனிக்கட்டி கட்டி வைத்துவிட்டு மற்ற வேடிக்கைகளைப் பார்க்கப் போனோம். ஒரு மூலையில் மின்சாரப் பெட்டி. பத்துப் பேர் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். ஒருவர் பிடியைச் சுற்றினால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் துள்ளுவார்கள். எங்கள் வட்டத்தில் நின்ற வக்கீல் ஒருவருக்குத் தலைப்பாகையே கழன்றது. அடுத்த அறையில் ஒருவர் தேத்தண்ணீர்க் கோப்பைகளில் அளவளவாகத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மெல்லிய குச்சிகளால் தட்டிக் கீர்த்தனை வாசித்தார். ஒரு கோப்பை சுருதி விலகியபோது அதிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

மாலை ஆறரைக்கு வெளியே தொலைநோக்கிக் கண்ணாடி. சந்திரனைப் பார்க்க ஐந்து சதம். மேகம் மூடிவிட்டது. பணத்தைத் திருப்பித் தர மனமில்லாத அந்த மனிதர் குழாயை ஏரியின் எதிர்க்கரைக்குத் திருப்பினார். அங்கே ஒரு வீட்டு வராந்தாவில் பெரியவர் ஒருவர் சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தார். பல் இடுக்கில் சிக்கியதை அவர் எடுப்பதுகூடத் தெரிந்தது. சந்திரனைப் பார்த்திருந்தால் இவ்வளவு சிரித்திருக்க மாட்டோம். அன்றிரவு கண்டியிலேயே, கட்டுக்கலையில் நண்பர் வீட்டில் தங்கினோம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்குள் நுழையும்போதே மணிச் சத்தம். எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம். மழையில்லை, கூரை ஒழுகவில்லை. மணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சீனிக்கட்டியைக் காணோம். மேசைக் கால்வழியே எறும்புச் சாரை.

"எறும்பு வந்தாலும் சொல்லும் போலிருக்கு!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பத்து மணிக்கு நடுவர்கள் வருவார்கள். வேறு சீனிக்கட்டி வைத்தாலும் இதே கதைதான். ரோசம்மாள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள்; துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "போயிடலாங்க" என்றாள். நான் சாக்கை எடுத்தேன். அதற்குள் நடுவர்களில் ஒருவர் முன்னதாகவே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிப்பவர்.

"இது ஆர் செய்தது? நீங்களோ மாஸ்டர்?"

"இல்லை ஐயா, இவங்க."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. எறும்பு வந்தால் என்ன செய்வியள்?"

ரோசம்மாள் அவர் கையிலிருந்த புள்ளி போடும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளிருந்து மை ஒற்றும் தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, அதுல ஒரு துண்டு குடுப்பீங்களா?"

அவர் கொடுத்தார். விரலகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து, சீனி இருந்த இடத்தில் நூலோடு முடிந்தாள். மூங்கிலை வளைத்துக் கையை விட்டாள். தாள் தாங்கியது. நடுவர் பக்கத்து மேசையிலிருந்த குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து இரண்டே சொட்டு விட்டார். தாள் நைந்து அறுந்தது. மணி கணகணத்தது.

"ஓம், சீனியை விட இது திறம்!" என்று அவர் உரக்கச் சொன்னார். பிறகு நாலுதரம் தாமே கீற்றுக் கிழித்து, தாமே சொட்டு விட்டு விளையாடினார். மற்ற மேசைக்காரர்கள் பொறுமையிழந்து இருமினார்கள்.

முதற்பரிசு, தீக்குச்சிகளால் ரயில் பாலம் செய்தவருக்குப் போனது. எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் நின்றார்; நாங்கள் வந்த வழியில் கெலிஓயாவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. ரோசம்மாளை அக்கா முறை வைத்து அழைத்தார்.

"ராத்தா, நம்மட கடைக்குப் பின்னுக்கு மிளகு காயப் போடுற முத்தம் இரிக்கி. மழ வந்தா கடைக்குள்ள ஒருத்தருக்கும் விளங்குறல்ல. இதுல ரெண்டு செஞ்சி தாங்களேன்."

"முற்றம் எவ்வளவு பெரிசுங்க? காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?" என்று கேட்டாள் ரோசம்மாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து பதினொன்றரைக்குக் கண்டியை விட்டோம். ஏரி வெயிலில் பளபளத்தது. புசல்லாவையில் பொழுதுபோக்கென்றால் எதிர்மலையில் பனி ஏறி இறங்குவதைப் பார்ப்பதுதான். மூன்று நாளில் இத்தனை அதிசயம் பார்த்துவிட்டு எப்படித் திங்கட்கிழமை வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கெலிஓயாவில் பஸ் நின்றது. "இறங்குங்க" என்றாள் ரோசம்மாள்.

கடையின் பின்முற்றத்தை அவள் தையல் நாடாவால் அளந்தாள். வியாபாரியின் வீட்டுப் பெண்கள் கதவோரம் நின்று ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் மூங்கிலை வளைத்துக் காட்டி விளக்கினாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் இருந்தது.

மனைவிக்குக் கண்டி காட்ட அழைத்துப் போகிறேன் என்றுதான் தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபின் பெரிய கிளாக்கர் வழிமறித்து, "என்ன வாத்தியார், கண்டி காட்டினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றேன். "அவங்க என்னைக் கூட்டிட்டுப் போனாங்க."