தலைமாட்டில் ஒரு ஸ்டூல்

நான் எலும்பு டாக்டர் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பிரசவ டாக்டர் ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த வருடமே இரண்டு பேரும் இலஞ்சி வீட்டில் இதைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். ஜூனில் சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால், பாறையில் வழுக்கி விழுந்தவர்களை ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்கு அனுப்புவதும் அவர் வேலைகளில் ஒன்றாகிவிடும். “எலும்பு டாக்டர் ஆயிருட்டி. தண்ணி விழுதவரைக்கும் ஆளும் விழும்” என்பார். தொடக்கப் பள்ளி ஆசிரியையான அம்மா விடமாட்டாள். “பொம்பளப் புள்ள சுத்தியலும் கையுமா நிக்கவா? பிரசவம் பாத்தான்னா ஊரே தேடி வரும்.”

மூன்றாம் வருடம் வார்டுகளுக்குப் போகத் தொடங்கியபோது ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்கப் பயம்தான் வந்தது. அறுவை சிகிச்சை வார்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். “அங்க என்ன படமா ஓடுது? காயத்தப் பாரும்மா” என்று எங்கள் பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார். பிரசவ அறையில் குழந்தைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். தவறு ஒன்றும் செய்ததில்லை. ஆனால் அந்த அம்மாக்கள் போட்ட சத்தம் விடுதிக்கு வந்த பிறகும் காதைவிட்டுப் போகாது. அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மற்றவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் பழகவில்லை என்று யோசிப்பேன்.

படிப்பு முடிந்து பயிற்சி மருத்துவராக இருந்த வருடம், சில மாதங்கள் தென்காசி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கக் கேட்டு வாங்கினேன். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடலாம், அம்மா சமையல் கிடைக்கும். எலும்புப் பிரிவு சரியாக அருவி சீசனில் வந்து விழுந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து நிற்பார்.

மூன்றாவது நாள், தோள்பட்டை இறங்கிய ஒரு கல்லூரிப் பையனைக் கொண்டுவந்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்தும், கையை இழுத்துப் பொருத்தும்போது அவன் போட்ட அலறலில் நான் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த வார்டு உதவியாளர் அண்ணன் ஒருவர் சட்டென்று பிடித்துச் சமாளித்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிடத்தில் தோள் உட்கார்ந்துவிட்டது, அவன் சிரிக்கக்கூடச் செய்தான். நான் கை கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். அன்று மத்தியானம் வெளி நோயாளிப் பிரிவுப் பெஞ்சில் உட்கார்ந்து, வங்கித் தேர்வுக்கு என்னென்ன பாடம் என்று ஃபோனில் தேடினேன். ஐந்தரை வருடப் படிப்பை வைத்துக்கொண்டு அதைத் தேடினேன் என்று இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

எலும்பு முடிந்து மயக்கவியல், இரண்டு வாரம். கூட இருந்தவர்கள் அதை லீவு என்றார்கள். ஏசியில் உட்கார்ந்துவிட்டு வரலாம், கேஸ் ஷீட் எழுத வேண்டாம். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

அங்கே இருந்த மயக்க மருத்துவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு வருவார். தேவைக்கு மேல் பேசமாட்டார். முதல் நாள் நான் வணக்கம் சொன்னதும் ஒரு இரும்பு ஸ்டூலைக் காட்டினார்.

“தலைமாட்டுல போட்டு உக்காந்துக்கோ. பேசண்ட்கிட்ட பேசிக்கிட்டே இரு.”

“என்ன பேசணும் மேடம்?”

“என்னவும் பேசு. அவங்க பேச்சு மாறுனா எனக்குச் சொல்லு.”

அவ்வளவுதான் பாடம்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, ஒரு கடையநல்லூர்க்காரர் வந்தார். நாற்பது வயது. வளைகுடாவில் ஒரு குடோனில் வேலை, இரண்டு மாத லீவில் வந்தவர். ஐந்தருவியில் வழுக்கிக் கணுக்கால் இரண்டு பக்கமும் முறிந்திருந்தது. பிளேட் வைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள், ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார். அதுதான் அவருக்குப் பயம்.

“டாக்டரம்மா, துளை போடுத சத்தம் கேக்குமாமே? என்னைய முழுசா மயக்கிருங்களேன்.”

“சத்தம் கேக்கும் அண்ணாச்சி. வலிக்காது. நான் இங்கனதான் இருக்கேன். நீங்க எப்படி விழுந்தீங்கன்னு சொல்லுங்க.”

ஊசி போட்டு முடித்து அவரை நிமிர்த்திப் படுக்க வைத்தார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணியைக் கட்டி மறைத்தாயிற்று. அந்தப் பக்கம் எலும்பு டாக்டரும் கூட்டமும், இந்தப் பக்கம் அவர் முகமும் நானும். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

“கடைசி மவளுக்கு மூணு வயசு. அவ பொறந்தப்ப நான் அங்க. வந்து ஒரு மாசமாச்சு, எங்கிட்ட வரவே மாட்டேங்கா. அவ உம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குதா. நானும் மிட்டாய், பொம்மை எல்லாம் காட்டிப் பாத்தாச்சு.”

“அப்புறம்?”

“அன்னைக்கு அருவில கூட்டம். தண்ணி சத்தத்துக்குப் பயந்துபோய் என் வெரலப் புடிச்சா பாத்துக்கோங்க. அவளாப் புடிச்சா. எனக்குன்னா கண்ணு கலங்கிட்டு. தூக்கித் தோள்ல வச்சேன். ரெண்டடி வச்சிருப்பேன், பாசி. கால் போயிட்டு. நான் அவள மட்டும்…”

நிறுத்திவிட்டார். அழுகை வருகிறதோ என்று பார்த்தேன். அழவில்லை. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். உதடு வெளுத்திருந்தது. என்னைத்தான் பார்த்தார், ஆனால் பார்வை என்மேல் நிற்கவில்லை. மானிட்டரில் சற்று முன் எடுத்த ரத்த அழுத்தம் நன்றாகவே இருந்தது. அடுத்தது எடுக்க இன்னும் நேரம் இருந்தது.

“மேடம், பேச்ச நிறுத்திட்டாரு. கொட்டாவி விடுதாரு.”

மயக்க மருத்துவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கையால் மானிட்டர் பொத்தானை அழுத்தி, மறு கையால் டிரிப்பை வேகமாகத் திறந்துவிட்டார். ரத்த அழுத்தம் பாதியாக இறங்கியிருந்தது. தயாராக வைத்திருந்த ஊசியை எடுத்துக் கொஞ்சம் செலுத்தினார். “கூப்பிட்டுக்கிட்டே இரு” என்றார். நான் அவர் கன்னத்தைத் தட்டி, அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். ஒரு நிமிடம் இருக்குமா? எனக்கு மிக நீண்டதாக இருந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. கண் என்மேல் வந்து நின்றது.

“எங்க விட்டேன்?” என்றார்.

“மவள மட்டும்னு சொன்னீங்க.”

“ஆங். அவள மட்டும் மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டேன். ஒரு கீறல் இல்ல. இப்ப ஆஸ்பத்திரில எம் பக்கத்துலேருந்து நகர மாட்டேங்கா.”

துணிக்கு அந்தப் பக்கம் துளை போடும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. மகளுக்கு என்ன பெயர் வைக்க இருந்தார்கள், கடைசியில் என்ன வைத்தார்கள் என்று போய்க்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து அவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு மயக்க மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “ஸ்பைனல் போட்டா பிரஷர் எறங்கும், எப்பவும் உள்ளதுதான். சீக்கிரம் சொன்ன. நல்லது” என்றார். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

நான் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பசித்தது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன், அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று வருடமாக வார்டில் நான் செய்துகொண்டிருந்தது இதுதானே, முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அதற்கென்று ஒரு வேலையும் உட்கார ஓர் இடமும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மீதி நாட்கள் தினமும் எல்லாருக்கும் முன்னால் தியேட்டருக்குப் போனேன். மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குழாயில் ட்யூப் விடவும் முதுகில் ஊசி போடவும் கற்றுக்கொண்டேன். சில தடவை தவறிற்று. அப்போதுகூட வங்கித் தேர்வு ஞாபகம் வரவில்லை.

அப்பாவிடம் சொல்லத்தான் நாளானது. கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம் லாட்ஜுக்குப் போய், வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

“மயக்க டாக்டரா? ஒரு ஊசியப் போட்டுட்டுப் போறதுக்கு எதுக்குட்டி இவ்வளவு படிப்பு?”

“போட்டுட்டுப் போக முடியாதுப்பா. முடியிறவரைக்கும் பக்கத்துலயே இருக்கணும்.”

“வாசல்ல போர்டு போட்டா யாரு வருவா?”

“யாரும் என்னத் தேடி வரமாட்டாங்க. ஆனா நான் சரின்னு சொல்லாம எலும்பு டாக்டர் கத்திய வைக்க முடியாது.”

அவர் சிரிக்கவில்லை. சாவிகளை எண் வாரியாக மாட்டினார், மாட்டியதையே கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு, இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னால், லாட்ஜில் தங்கியிருந்த ஒருவர் அருவியில் விழுந்து கால் ஒடிந்துவிட்டதாம். ஜீப்பில் போட்டு இவர்தான் கொண்டுபோயிருக்கிறார். ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த மனிதர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார்.

“இப்பவும் மழை ரோட்டுல ஜீப் போனா அந்தச் சத்தம் கேக்கு. அதான் உன்னைய எலும்பு டாக்டர் ஆவுன்னு சொன்னது. வேற என்னத்துக்கு?”

எங்கள் வீட்டில் சத்தம் தாங்காதவள் நான் ஒருத்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

“அப்பா, அந்தச் சத்தத்த நிறுத்துததுதான் மயக்க டாக்டர் வேலை” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே” என்றார். அம்மாவிடம் அவரே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். என்ன பேசினாரோ, அம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், பிரசவ ஆபரேஷனுக்கும் மயக்க டாக்டர் வேண்டுமா என்று கேட்டாள். கண்டிப்பாக வேண்டும் என்றேன். அதோடு அவளும் சமாதானமானாள்.

அடுத்த வருடம் மேற்படிப்புக்கான தேர்வு எழுதினேன். கலந்தாய்வு முடிவு வந்த நாள் வீட்டில் மின்சாரம் இல்லை. லாட்ஜ் கம்ப்யூட்டரில் பார்க்கப் போனேன். அப்பா எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றார். பக்கம் திறக்கத் திறக்க நின்று நின்று வந்தது. கடைசியில் என் எண், கல்லூரி, பக்கத்தில் மயக்கவியல். மூன்று முறை படித்தேன். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி, நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

அப்பா உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டார். சந்தோஷத்தில் வார்த்தை சரியாக வரவில்லை.

“மயக்கம் வந்துட்டு! அவளுக்கு மயக்கம் வந்துட்டு!”

அம்மா அந்தப் பக்கம் போட்ட கூச்சல் ஃபோனுக்கு வெளியே கேட்டது. “ஏங்க, அவளுக்குத் தண்ணி தெளிங்க! காலைல சாப்பிடாமப் போனாளே!” நான் ஃபோனைப் பிடுங்கி விளக்குவதற்குள் அவள் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன், அப்பா பின்னால் உட்கார்ந்துகொண்டார். சாரல் லேசாக முகத்தில் அடித்தது. மயக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கனவு வருமா, குறட்டை விடுவார்களா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னேன். தெரியாததற்கு, படித்துவிட்டுச் சொல்லுதேன்ப்பா என்றேன்.