நைனாவுக்குச் சாப்பிட இடமில்லாத ஊர்

என் கல்யாணம் முடிந்த மறுவாரம், செஞ்சிக் கடைவீதியில் இருக்கும் என் மாமனாரின் ஓட்டலுக்கு என்னைப் பெற்ற நைனா வந்திருந்தார். ஏசி அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவரை உட்கார வைத்திருந்தார்கள். தலைவாழை இலையில் இட்லி, பொங்கல், பூரி, வடை என்று இடமே தெரியாமல் பரப்பிவிட்டு, மாமனாரே நெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றார். நைனா போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவரைப் போல நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். வெளியே நின்று பார்த்த எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவர் சாப்பிடும் அழகை அறிந்தவர்கள் யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வரும் நைனாவுக்குச் செஞ்சியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடை உண்டு. இட்லிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அக்கா. அதுவும் காரச் சட்னி தீர்வதற்குள் போய்விட வேண்டும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டையை மார்க்கெட் கமிட்டியில் இறக்கிய நாளென்றால் அதற்கு எதிரே நின்றுகொண்டே குடிக்கிற டீ. ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக் குஸ்கா; கறி வேண்டாம், அண்டாவின் அடியில் பிடித்ததைச் சுரண்டிப் போடச் சொல்வார். சாயங்காலமானால் திருவண்ணாமலை ரோட்டுத் தள்ளுவண்டியில் போண்டா. கோட்டை ஏறி இறங்கிய வெளியூர்க்காரர்கள் நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்டால், போகிற வேலையை விட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போய்க் காட்டிவிட்டு வருவார். "எல்லாத்தயும் ஒரே கடையில துன்றவன் நாக்கு நாக்கே இல்ல" என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் என்னை ஓட்டல்காரர் வீட்டில் கொடுத்தார். சம்பந்தி கடை வைத்திருக்கும் ஊரில் வேறொரு கடையில் சாப்பிட்டால் அது சம்பந்திக்கு அவமானம். சரி, சம்பந்தி கடையிலேயே சாப்பிடலாம் என்றால் அங்கே காசு வாங்க மாட்டார்கள். பெண் கொடுத்த இடத்தில் அடிக்கடி கை நனைப்பது நமக்கு அவமானம். ஆக, அங்கேயும் போக முடியாது, இங்கேயும் போக முடியாது. இதையெல்லாம் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நைனா கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு மழைநாள் சாயங்காலம் முடியாமல் போய், தள்ளுவண்டி ஓரமாக நின்று போண்டா சாப்பிட்டிருக்கிறார். எங்கள் ஓட்டலுக்குப் பால் ஊற்றுகிறவர் கண்ணிலா பட வேண்டும்? மறுநாள் காலை என் மாமியார் வெங்காயம் உரித்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க நைனாவுக்கு நம்ம கட போண்டா எறங்கலியாமே. ரோட்ல நின்னு துன்றாராம்." அன்று முழுக்க மாமனார் என்னிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "நாலு பேரு என்னத்தான் கேக்குறாங்க. நீ சொல்லக் கூடாதா?" என்று என் வீட்டுக்காரரும் சலித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடுக்கிவைத்த பாத்திரமெல்லாம் உருண்டிருக்க வேண்டும். ஆனால் வெங்காயத்தை வாங்கி நானும் உரித்தேன்.

அடுத்த முறை வாசலில் வந்து நின்ற நைனா, "உன்ன ஏதாவது சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல நைனா."

"உம் மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்றவர், அதற்குப் பிறகு செஞ்சியில் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் அப்படியே திரும்பிவிடுவார். சில நாட்கள் ஊருக்குள் சொல்லாமல் திண்டிவனம் பஸ் ஏறி, அங்கே எங்கேயாவது டீயும் போண்டாவும் சாப்பிட்டு வருவதாக அம்மா சொன்னாள். "உங்க நைனா வெளிநாடு போயிட்டு வந்துட்டாரு. அங்க எண்ண சரியில்லியாம்" என்று போனில் சிரிப்பாள். என்னால் சிரிக்க முடியவில்லை. நானும் ஓட்டலுக்கு மேலே உள்ள வீட்டில் இருந்தபடி, மூன்று வேளையும் கேரியரில் வருவதைத் தின்றுகொண்டிருந்தேன். செஞ்சியிலேயே இருந்துகொண்டு எத்தனையோ வருஷமாக அந்த அக்காவின் இட்லியை நான் சாப்பிடவில்லை. யாரையாவது குறை சொல்லலாமென்றால், எங்கள் வீட்டில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. அதுதான் பெரிய தொல்லை.

மாமனார் காலமான பிறகு, அடுப்படியை என் வீட்டுக்காரரும் கல்லாவை நானும் பார்த்துக்கொள்கிறோம். மாமியாருக்கு முன்போல எதிலும் பிடிப்பில்லை. நைனாவையாவது அவிழ்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. போன வாரம் பச்சை மல்லாட்டை கொடுக்க வந்தவரிடம் சொன்னேன்: "இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க நைனா. உனக்கு எங்க புடிக்குதோ அங்க போய்ச் சாப்டு."

அவர் ஓட்டலை ஒரு சுற்றுப் பார்த்தார். பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன.

"யாவாரம் கொறஞ்சிருக்குதா?"

"பக்கத்துல புதுக்கட வந்திருக்குது. கொஞ்சம் டல்லுதான்."

"அப்பறம் எப்டிம்மா போறது? அப்போ சம்பந்தி கட. இப்ப எம் பொண்ணு கட. கல்லாவுல நீ குந்திக்கினு இருக்கும்போது நான் வேற எடத்துல துன்னா, பெத்த அப்பனே அங்க துன்றதில்லன்னு சொல்ல மாட்டானுங்களா?"

ஏசி அறைக்குப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. வாசலுக்கு நேரான மேசையில், தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்கும்படி உட்கார்ந்து போண்டா கொண்டுவரச் சொன்னார். முதல் வாய் வைத்ததும் அவர் முகம் போன போக்கை நான் கவனித்தேன். மாவு கொஞ்சம் வேகாமல்தான் இருந்திருக்கும், எங்கள் மாஸ்டர் கை அப்படி.

"எப்டி நைனா?" என்றேன்.

வாசலைப் பார்த்தபடி, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "இந்த மாரி போண்டா செஞ்சியிலயே கெடயாது."